உத்திரத்து மேல ஆயிரம் ரூபாய்

2025 ஜூன். நாளைக் காலை ஆறு மணிக்கு என்.பி.ஏ. ஃபைனல்ஸ், அதாவது அமெரிக்க பேஸ்கட்பால் லீக்கின் இறுதித் தொடர் ஆரம்பம், ஓக்லஹோமாவுக்கும் இண்டியானாவுக்கும். இரண்டுமே நல்ல டீம்தான், எல்லாம் சின்னப் பசங்க, ஓட்டம் நிற்பதே இல்லை, அந்த ஹாலிபர்ட்டன் இந்த பிளேஆஃப்ஸில் கடைசி நொடியில் போட்டு ஜெயித்ததையெல்லாம் பார்த்தால் நெஞ்சுவலி இருக்கிறவர்கள் இண்டியானா பக்கம் போகவே கூடாது. எல்லாம் சரி. ஆனால் அலாரம் வைக்கத்தான் கை வரவில்லை. காலையில் நண்பன் பச்சைக்கு மெசேஜ் போட்டேன், நாளைக்குப் பார்க்கிறாயா என்று. "யாருக்கும் யாருக்கும்?" என்று பதில் வந்தது. தெரியாமல் கேட்கவில்லை, வேண்டுமென்றே கேட்கிறான். ஒரு நிமிடம் கழித்து, பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஜூனிலும் கேட்கிற அதே கேள்வி: "கவர் இருக்குதா?"

இருக்கிறது. அந்தக் கவரைப் பற்றி யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இந்த வாரம் சொல்ல ஒரு காரணமும் வந்துவிட்டது.

பச்சை என்பது அவன் வீட்டில் வைத்த பெயர் இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸின் பச்சை பனியனை அக்குளில் வெளுத்துப்போகிற வரைக்கும் போட்டுக்கொண்டு பெரம்பூரில் சுற்றியதால் வந்த பெயர். அவன் ஏன் பாஸ்டன் ரசிகன் என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் கிடையாது, எங்கள் ஸ்கூல் டீம் ஜெர்சி பச்சை, அவ்வளவுதான். நான் லேக்கர்ஸ் ஆனதும் அதே மாதிரிதான். பர்மா பஜாரில் அறுபது ரூபாய்க்குப் பேரம் பேசி ஒரு மஞ்சள் ஜெர்சி வாங்கினேன், முதுகில் 8, அதாவது கோபி பிரையன்ட். டீம் பெயரில் ஒரு எழுத்து தப்பு. கோபி 2006-இல் நம்பரை 24 என்று மாற்றிக்கொண்டபோது எனக்கு ஏதோ வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன மாதிரி இருந்தது. லேக்கர்ஸ் என்றால் ஏரிக்காரர்கள் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். முதலில் மினியாபோலிஸில் இருந்த டீம், அங்கே ஊரைச் சுற்றி ஏரி. 1960-இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோனபோது பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "ஏரியே இல்லாத ஊர்ல ஏரிக்காரனா?" என்று பச்சை நக்கல் அடிப்பான். நம்ம ஓட்டேரியில் ஏரி எங்கேடா இருக்கு, போய்க் காட்டு பார்க்கலாம் என்பேன்.

எங்கள் பக்கம் பந்து என்றாலே கால்பந்துதான். வியாசர்பாடியைப் பற்றி எழுதாத பத்திரிகை கிடையாது, அதை நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரம்பூரில் ரயில்வே இருப்பதால் பேஸ்கட்பாலும் கொஞ்சம் உண்டு. ஐ.சி.எஃப்., சதர்ன் ரயில்வே, இந்தியன் பேங்க், ஐ.ஓ.பி. என்று எல்லாவற்றுக்கும் டீம் இருக்கிறது, நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை என்பதுதான் எங்கள் வயதில் எல்லாப் பையன்களுக்கும் இருந்த கனவு. எங்கள் இரண்டு பேருக்கும் உயரமும் போதவில்லை, ஆட்டமும் போதவில்லை. குவார்ட்டர்ஸ் பக்கத்து சிமெண்ட் கோர்ட்டில், வலையே இல்லாத ரிங்கில், சாயந்திரம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் ஆடியதோடு சரி. மீதியெல்லாம் வாய்தான்.

வாய்க்கு வஞ்சனை இல்லாமல் தீனி போட்டது லேக்கர்ஸ்-செல்டிக்ஸ் பகை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், இந்த இரண்டு டீமும் ஃபைனல்ஸில் மட்டும் இதுவரை 12 தடவை மோதியிருக்கின்றன. அதில் பாஸ்டன் ஜெயித்தது 9. நாங்கள் 3. முதல் எட்டு தடவையும் தொடர்ந்து நாங்கள்தான் தோற்றோம், 1959-இல் மினியாபோலிஸில் ஆரம்பித்து 1984 வரைக்கும். 85-இல்தான் முதல் தடவை ஜெயித்தது, அதுவும் பாஸ்டன் மண்ணிலேயே. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது லோகோ அங்கிள். லோகோ ஒர்க்ஸில் ரிட்டயர் ஆனவர், சாயந்திரம் கோர்ட்டு ஓரத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டு "லெஃப்ட் ஹேண்டுல போடு மேன்" என்று கத்துகிற ஆங்கிலோ இந்தியன். எந்தக் காலத்திலோ வாங்கிய அமெரிக்கப் பத்திரிகைகள் ஒரு டிரங்குப்பெட்டி நிறைய வைத்திருந்தார்.

அவர் சொன்னதிலேயே எனக்கு மறக்காதது பலூன் கதை. 1969, ஏழாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸில். லேக்கர்ஸ் முதலாளி ஜாக் கென்ட் குக், இந்தத் தடவை ஜெயித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில் அரங்கத்துக் கூரையில் ஆயிரக்கணக்கான பலூன்களை வலைபோட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஜெயித்ததும் அவிழ்த்துவிட வேண்டும், பேண்டு வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பாஸ்டனின் பில் ரஸ்ஸல் அதை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் என்ன, 108-106. இரண்டே புள்ளி. ஜெர்ரி வெஸ்ட் அன்றைக்கு 42 புள்ளி எடுத்தும் டீம் தோற்றது, தோற்ற டீமில் இருந்துகொண்டு ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஒரே ஆள் இன்று வரைக்கும் அவர்தான். "பலூன் அங்கயே நின்னுச்சு மேன்" என்று அங்கிள் கையை மேலே காட்டுவார். நாங்களும் அண்ணாந்து பார்ப்போம், வேப்பமரம்தான் இருக்கும்.

இதெல்லாம் கேட்ட கதை. எங்களுக்கே நடந்தது 2008.

அப்போது ஆட்டத்தை டி.வி.யில் பார்க்க வழி இல்லை. சென்னையில் 2003-லிருந்தே கட்டண சேனலுக்கு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று ஆகிவிட்டது, எங்கள் தெருவில் அதை வாங்கி வைத்த வீடுகளை ஒரு கையில் எண்ணிவிடலாம், அந்த வீடுகளில் விடியற்காலையில் போய்க் கதவைத் தட்ட முடியாது. அதனால் பிரவுசிங் சென்டர். அந்த அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி ஆறரைக்கே ஷட்டரை முக்கால் வாசி தூக்கவைத்து, குனிந்து உள்ளே போய், ஒரே நாற்காலியில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு, ஸ்கோர் வருகிற பக்கத்தை ரிஃப்ரெஷ் பண்ணிப் பண்ணிப் பார்ப்பது. படம் எல்லாம் இல்லை, வெறும் வரிகள்தான். பாஸ்டனின் பியர்ஸ் போட்டார், விழவில்லை. எங்கள் காசோல் ரீபவுண்டு, அதாவது விழாத பந்தைப் பிடித்தார். கோபி போட்டார், விழுந்தது. அந்த வரி வருவதற்குள் பக்கம் வெள்ளையாகி நிற்கும் பாருங்கள், அந்த மூன்று நான்கு நொடி, அதில்தான் என் இளமையின் பாதி போனது என்று நினைக்கிறேன்.

நான்காவது ஆட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. லேக்கர்ஸ் ஒரு கட்டத்தில் 24 புள்ளி முன்னால். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, இடைவேளையிலேயே கிளம்பிவிட்டேன். கிளம்பியதோடு விட்டிருக்கலாம், வெளியே வந்து சேட்டா கடையில் எல்லாருக்கும் டீயும் பஜ்ஜியும் என் கணக்கில் என்று சொல்லிவிட்டுப் போனேன், திமிர். சாயந்திரம் திரும்பினால் கடை வாசலில் பச்சை உட்கார்ந்திருக்கிறான், கையில் பஜ்ஜி. 97-91. பாஸ்டன் ஜெயித்துவிட்டது. என் காசில் என் தோல்விக்குப் பஜ்ஜி தின்றவன் அவன்.

அதோடு விட்டார்களா, ஆறாவது ஆட்டத்தில் 131-92. முப்பத்தொன்பது புள்ளி வித்தியாசம். அன்றிலிருந்து இரண்டு வருடம் என் பெயரே முப்பத்தொன்பது. பெரம்பூர் பஸ் ஸ்டாண்டில் 29சி வந்து நின்றால்கூட "பத்து குறையுது மச்சி" என்பான். 2009-இல் நாங்கள் ஆர்லாண்டோவை அடித்து சாம்பியன் ஆனபோது ஸ்வீட் கொடுத்தேன். வாங்கித் தின்றுவிட்டு, "இது வேற கணக்கு, எங்க கார்னெட்டுக்கு முட்டி நல்லா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான். கோபத்தில் அவனிடம் பேசாமல் நான்கு நாள் இருந்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கும் தெரியும், அவன் சொன்னது நியாயம். யாரிடம் கடன் பட்டோமோ அவனிடம்தானே அடைக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்தால் ஆகுமா.

அதனால்தான் 2010 மே கடைசி வாரம் அவ்வளவு முக்கியமாகிவிட்டது. கத்திரி முடிகிற சமயம், ஆனால் கத்திரி போனதாக வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை. என்.பி.ஏ.வில் டீம்கள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் ஜெயிக்கிற டீம்தான் ஃபைனல்ஸில் மோதும். பாஸ்டன் அந்த வருடம் கிழக்கில் நான்காவது இடம், கிழட்டு டீம் என்று எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். அவர்கள் லெப்ரானின் கிளீவ்லாண்டை அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலையில் ஆர்லாண்டோவையும் முடித்தார்கள். மறுநாள் ஞாயிறு, நாங்கள் ஃபீனிக்ஸில் ஆறாவது ஆட்டம். கோபி 37 புள்ளி. கடைசியில் ஓரத்திலிருந்து ஒரு ஷாட், கிராண்ட் ஹில் மூஞ்சிக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அதற்கும் மேலே போட்டுவிட்டு, எதிர் டீம் கோச்சின் பின்பக்கத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி ஓடினார். (தட்டினதை அப்புறம் வீடியோவில்தான் பார்த்தேன். ஸ்கோர் பக்கத்தில் தட்டு வராது.) பிரவுசிங் சென்டரில் நானும் பச்சையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஞாயிறு காலை ஒன்பது மணி. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முதல் ஆட்டம். நடுவில் ஐந்து நாள்.

என்னைக் கேட்டால் அந்த ஐந்து நாள்தான் ஃபைனல்ஸ். மீதி ஏழு ஆட்டமும் அதற்கு வந்த பில்.

ஐந்து நாளும் சேட்டா கடைதான். டீ கிளாஸ் அடியில் ஈரமாக வட்டம் விழும் இல்லையா, அந்த வட்டங்களை வைத்து மேஜையில் ஐந்து ஐந்து ஆளாக நிறுத்துவோம். இவன் கார்னெட், இவன் காசோல். 2008-இல் காசோலை ஓரம் தள்ளித் தள்ளி நொறுக்கினார்கள், இந்தத் தடவை அவர் தாங்குவாரா. எங்கள் பைனம் முட்டியில் நீர் கட்டியிருக்கிறது, பாஸ்டனின் பெர்கின்ஸிடம் எவ்வளவு நேரம் நிற்பார். அவர்கள் ரோண்டோவை யார் பிடிப்பது, எங்கள் ஃபிஷருக்கு வயதாகிவிட்டது, கோபியே பிடித்தால் அப்புறம் கோபியின் கால் என்னாவது, ரே ஆலனை யார் துரத்துவது. போன தடவை எங்களிடம் பியர்ஸை அடக்க ஆள் இல்லை, இப்போது ரான் ஆர்டெஸ்ட் இருக்கிறார். "அவனே ஒரு லூசு" என்பான் பச்சை. "லூசுதான் வேணும்" என்பேன். இரண்டு, மூன்று, இரண்டு என்று அப்போது ஆட்டங்களைப் பிரித்திருந்தார்கள், முதல் இரண்டும் கடைசி இரண்டும் எங்கள் ஊரில், நடுவில் மூன்று பாஸ்டனில். அது யாருக்கு லாபம் என்று மட்டும் ஒரு முழு ராத்திரி போயிற்று. கடைசியில் சேட்டா துணியை எடுத்துவந்து மேஜையைத் துடைத்தார், பத்து பேரும் போய்விட்டார்கள்.

பிரச்சினை, எங்கே பார்ப்பது? இதை மறுபடியும் வெறும் வரியாகப் படிக்க இரண்டு பேருக்குமே மனசில்லை. அப்போதுதான் ஜூன் 11-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை கால்பந்து. வியாசர்பாடியில் மாடிக்கு மாடி பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும், சுவரெல்லாம் மெஸ்ஸி. எங்களுக்குத் தெரிந்த ஒரு கால்பந்து கிளப் பசங்கள் உலகக் கோப்பைக்காகவே வசூல் பண்ணி கிளப் ரூமில் டிஷ் போடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். போய் நின்றோம். தலைவர் மாதிரி இருந்த அண்ணன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "காலைல தான? எங்களுக்கு சாயந்திரமும் ராத்திரியும்தான் மேட்ச். பாத்துக்குங்கோ. ஆனா ரூமைப் பெருக்கி வெச்சுட்டுப் போணும், டீ வாங்கியாந்து குடுக்கணும், எங்க ஆளு எவனாவது தூங்கினு இருந்தா எழுப்பக்கூடாது" என்றார். சரி என்றோம். கால் பிடித்துவிடச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்போம்.

புதன்கிழமை வருவதாகச் சொன்ன டிஷ்காரர் வியாழன் ராத்திரி எட்டு மணிக்கு வந்தார். விடிந்தால் ஆட்டம். மாடியில் குடையை மாட்டினார், கீழே டி.வி. முன்னால் பச்சை, நடுவில் படிக்கட்டில் நான், செய்தி கடத்துகிறவன். மேலிருந்து "வந்துச்சா?" என்பார், நான் கீழே பார்த்து "வந்துச்சாடா?" என்பேன், அவன் "வரல" என்பான், நான் மேலே "வரல". ஒரு நட்டைத் தளர்த்துவது, ஒரு அங்குலம் திருப்புவது, மறுபடியும். அந்த சிக்னல் பட்டை இருக்கிறதே, ஏறும், பாதியில் நின்று இறங்கும். ஒன்பதரைக்கு கரெண்ட் போய்விட்டது. இருட்டில் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம், பக்கத்து மாடியில் கட்டியிருந்த பிரேசில் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, தூரத்தில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ஒரு எலக்ட்ரிக் டிரெயின் வந்து போனது. பச்சை மெதுவாக, "டேய், தோத்தாலும் பரவால்ல, கரெண்ட் வந்தா போதும்" என்றான். எனக்குத் தெரிந்து தோற்றாலும் பரவாயில்லை என்று அவன் சொன்னது அந்த ஒரு தடவைதான். பத்தே முக்காலுக்குக் கரெண்ட் வந்தது, பதினொன்றே காலுக்குப் படம் வந்தது. அண்ணனுடைய ஆட்கள் "வந்துட்ச்சு!" என்று கத்தினார்கள், அவர்களுக்கு உலகக் கோப்பை வந்துவிட்டது, எங்களுக்கு பாஸ்டன் வந்துவிட்டது. நாங்கள் வீட்டுக்கே போகவில்லை, அங்கேயே பாயில் படுத்துவிட்டோம்.

ஏழு ஆட்டத்தையும் சொல்லப் போவதில்லை. முதலாவது எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு (ரே ஆலன் எட்டு த்ரீ, அதாவது தூரத்திலிருந்து போடுகிற மூன்று புள்ளி ஷாட், ஃபைனல்ஸில் அன்றைக்கு அது சாதனை), மூன்றாவது எங்களுக்கு, நான்காவதும் ஐந்தாவதும் அவர்களுக்கு. ஆறாவதில் பெர்கின்ஸுக்கு முட்டி போனது, நாங்கள் ஜெயித்து மூன்றுக்கு மூன்று. ஜூன் 18, வெள்ளிக்கிழமை காலை, ஏழாவது. கோபி போட்ட 24-இல் 6 தான் விழுந்தது, ஒவ்வொன்றும் ரிங்கில் அடித்து வெளியே வரும்போது எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. மூன்றாவது கால்பகுதியில் 13 புள்ளி பின்னால் இருந்தோம். ஆனால் 15 ரீபவுண்டு எடுத்தார் அந்த மனுஷன். ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது ஆர்டெஸ்ட், பச்சை லூசு என்று சொன்ன அதே ஆர்டெஸ்ட், ஒரு த்ரீ போட்டார். 83-79.

அப்போதுதான் எழுந்து வந்த கிளப் அண்ணன் கண்ணைத் தேய்த்துக்கொண்டே ஸ்கோரைப் பார்த்தார். "எண்பத்தி மூணா? கோல் கீப்பர் இன்னா பண்ணினு இருந்தான்?"

பச்சை ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய்த் துடைப்பத்தை எடுத்து ரூமைப் பெருக்க ஆரம்பித்தான். பாயைத் தூக்கச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினான். வாசல் வரைக்கும் பெருக்கிவிட்டு, "பெர்கின்ஸ் இருந்திருந்தா" என்றான். இன்றைக்கும் சொல்கிறான். அதிலும் நியாயம் இருக்கிறது, அன்றைக்கு ரீபவுண்டில் நாங்கள் 53, அவர்கள் 40.

இனிமேல்தான் கவர். பாஸ்டன் கோச் டாக் ரிவர்ஸ் அந்த வருடம் பிப்ரவரியில் செய்த ஒரு வேலை, ஃபைனல்ஸ் சமயத்தில் செய்தியில் வந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்கு ஆட வந்தபோது டீமில் ஆட்டக்காரர், கோச், மேனேஜர் எல்லாரிடமும் ஆளுக்கு நூறு டாலர் வாங்கி, 2,600 டாலர், ஒரு கவரில் போட்டு, எங்கள் அரங்கத்தில் வெளியூர் டீம் உடை மாற்றுகிற அறையின் கூரைப் பலகைக்கு மேலே ஒளித்து வைத்துவிட்டுப் போனார். காசு வேண்டுமென்றால் ஜூனில் இங்கே திரும்பி வரணும் என்று அர்த்தம். மேற்கிலிருந்து வேறு டீம் ஃபைனல்ஸுக்கு வந்தால் காசு போனதுதான். திரும்பி வந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஏலச்சீட்டு பிடிக்கிறவர்களுக்குக்கூட இந்த மூளை வராது.

இதைப் படித்ததிலிருந்து பச்சைக்குப் புத்தி அங்கேயே நின்றுவிட்டது. ஏழாவது ஆட்டம் முடிந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தான், கையில் ஐநூறு ரூபாய் நோட்டு. "நீ ஒண்ணு எடு" என்றான். எங்கள் வீடு தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ், தேக்கு உத்திரம் போட்டு மேலே செங்கல் அடுக்கிய கூரை. நடு உத்திரத்துக்கும் சுவருக்கும் சேருகிற இடத்தில் கை நுழைகிற மாதிரி ஒரு சந்து உண்டு, சின்ன வயதில் கோலியெல்லாம் அங்கேதான் ஒளிப்பேன். இரண்டு நோட்டையும் பால் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து அவனே ஏறிச் செருகினான். அடுத்த தடவை லேக்கர்ஸும் செல்டிக்ஸும் ஃபைனல்ஸில் மோதும்போது எடுக்கணும், ஜெயித்தவனுக்கு ஆயிரம். "ரெண்டு வருஷம், மிஞ்சிப்போனா மூணு" என்றான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த ஆள் பார்த்துவிட்டுச் சொல்லி, அம்மா அதை யாரோ வைத்த மந்திரத் தகடு என்று நினைத்து மூன்று நாள் சாப்பிடாமல், அது ஒரு தனிக்கதை. பாஸ்கெட்பால் காசு என்று சொன்னதும் இன்னும் பயந்துபோனாள், சூதாட ஆரம்பித்துவிட்டேன் என்று.

இரண்டு வருடம் ஆறு வருடம் ஆனது. 2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணி. ஐநூறும் ஆயிரமும் செல்லாது. எட்டரைக்கு ஓசூரிலிருந்து பச்சை, அப்போது அங்கே வேலைக்குப் போய்விட்டான். வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை, "டேய், கவரு." டிசம்பர் 30 வரைக்கும் பேங்கில் கட்டலாம். ஊரே வரிசையில் நிற்கிறது. எடுத்துக் கட்டிவிட்டு புது நோட்டு வைக்கலாம் என்றேன். எடுத்தால் நடக்காது என்றான், ஆட்டம் வரும் வரைக்கும் கை வைக்கக்கூடாது என்பதுதான் பேச்சு. ஒரு மாதம் போனிலேயே சண்டை. டிசம்பர் 12 வர்தா புயலில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியபோது நான் ஏறி விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தேன், கவர் காய்ந்துதான் இருந்தது. இறங்கிவிட்டேன். 30-ஆம் தேதியும் போனது. அப்புறம் பழைய நோட்டு பத்துக்கு மேல் வைத்திருந்தால் குற்றம் என்று சட்டம் வந்தது. எங்களிடம் இரண்டுதான், அதனால் உள்ளே போக வேண்டியதில்லை.

2020-இல் கிட்டே வந்தது. ஜனவரி 27 விடியற்காலையில் கோபி போய்விட்ட செய்தி, முதலில் போன் பண்ணினது இந்த செல்டிக்ஸ்காரன்தான், இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. அப்புறம் கொரோனா, அவனும் பெரம்பூருக்கே வந்துவிட்டான், என்.பி.ஏ. ஆர்லாண்டோவில் எல்லாரையும் ஒரே இடத்தில் அடைத்து வைத்து ஆட்டம் நடத்தியது. செப்டம்பர் 27, ஞாயிறு காலை, நாங்கள் டென்வரை முடித்து ஃபைனல்ஸுக்குள் வந்துவிட்டோம். பாஸ்டன் மயாமியிடம் மூன்றுக்கு இரண்டு பின்னால், இன்னும் இரண்டு ஜெயித்தால் போதும். அன்று மத்தியானமே பச்சை எங்கிருந்தோ ஒரு அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் சாத்திவைத்தான். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஏணியோடு, ஒரு வார்த்தை பேசாமல். திங்கள் காலை ஐந்து மணி ஆட்டம், 125-113, மயாமி. ஏழரைக்கு வந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். நாங்கள் மயாமியை அடித்து 17-ஆவது பட்டம் வாங்கினபோது அவன் "வாழ்த்துகள்" என்று மட்டும் அனுப்பினான். நக்கல்கூட இல்லை. அதுதான் உறைத்தது. 2024-இல் அவர்கள் டல்லாஸை அடித்து 18 ஆனபோது நானும் பதிலுக்கு "வாழ்த்துகள்" என்று அனுப்பினேன். 39 புள்ளி பேச்செல்லாம் போய் இப்படி கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டோம்.

இந்த வருடம் நாங்கள் முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் போனோம். அவர்கள் இரண்டாவது சுற்றில் நியூயார்க்கிடம், போகும்போது அவர்கள் ஸ்டார் டேட்டமின் குதிகால் தசைநாரும் போனது. ஸ்டார் ஆட்டக்காரர் லூகா டான்சிச் இப்போது எங்களிடம் இருக்கிறார், ஆனால் டேட்டம் எப்போது எழுந்து ஓடுவது. பதின்மூன்றாவது தடவைக்கு இன்னும் எத்தனை ஜூன் என்று தெரியாது.

சரி, இந்த வாரம் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், வீட்டை இடிக்கப் போகிறோம். ஒழுகலுக்கு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு முடியவில்லை, தம்பிக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, கீழே ஒன்று மேலே ஒன்று என்று கட்டலாம் என்று முடிவு. செவ்வாய்க்கிழமை மேஸ்திரி வந்து பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தவர் உத்திரத்தை விரல் முட்டியால் தட்டி, நல்ல பர்மா தேக்கு, பழைய மரம் வாங்குகிறவர்கள் கொத்திக்கொண்டு போவார்கள், கவலையே படாதீர்கள் என்றார். புது வீட்டில் கான்கிரீட். சந்து கிந்து ஒன்றும் இருக்காது.

இதை பச்சையிடம் இரண்டு நாளாகச் சொல்லாமல் இருந்தேன். இன்றைக்கு அவன் "கவர் இருக்குதா?" என்று கேட்டதும் முதலில் "இருக்கு" என்று போட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் எழுதினேன், மேஸ்திரி, கான்கிரீட், ஆவணியில் இடிப்பது எல்லாம். நீல டிக் வந்தது. அரை மணி நேரம் பதில் இல்லை. ஷிஃப்டில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரே வரி. "அந்த ஒரு உத்திரம் மட்டும் என்ன வெல சொல்றாங்கன்னு கேளு."

மேஸ்திரிக்கு போன் போட்டிருக்கிறேன். எடுக்கவில்லை.